மாசியின் கைப்பேசி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பேச இங்கே அறிஞர்கள் உளர். இல்லத்துக்குப் பயன்படும் பொருள் ஒன்றைப் பேசுக என்று செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட ரயில்வே குமாஸ்தாவுக்கு அது பெரிய நிம்மதி. ஆகவே, இந்தக் கரக்பூர் காலனியில் நம்மில் பலர் வீட்டில் உள்ள சங்கடம் ஒன்றையே எடுத்துக்கொண்டோம்.

கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்கிறோம். பாட்டிமார் இருப்பதோ ஒரு முழு நாள் ரயில் பயணத்துக்கு அப்பால். எனவே குழந்தையைக் கூலிக்கு வரும் ஓர் அம்மையாரிடம் ஒப்படைக்கிறோம். வங்காளிகள் தாயின் உடன்பிறந்தாளை ‘மாசி’ என்பர். நாமும் அவரை அப்படியே அழைக்கிறோம். உறவுப் பெயரைக் கொடுப்பதில் நமக்குச் செலவொன்றும் இல்லை பாருங்கள்!

எங்கள் மகனுக்கு 2 வயது நடந்த காலத்தில் ஒரு நாள், மறந்துவிட்ட சாவியை எடுக்க நண்பகலில் வீடு திரும்பினோம். பிள்ளை ஜன்னல் திண்டின்மேல் ஏறிக் கம்பியைப் பிடித்து நிற்கிறான். மாசியோ கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்களுக்கு உடல் நடுங்கிவிட்டது. அன்றிரவே சட்டம் இயற்றினோம்: காலையில் வந்ததும் கைப்பேசியின் ஓசையை அடக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட வேண்டும், எங்களில் ஒருவர் வீடு திரும்பிய பின்னரே எடுக்க வேண்டும். எங்களுக்கு ஏதேனும் சொல்ல வேண்டுமானால் அடுத்த வீட்டிலிருந்து பேசலாம். மாசி மறுமொழி கூறவில்லை. நண்பர் ஒருவர், ‘மூலையில் ஒரு காமிரா வைத்துவிடுங்கள், தொல்லை தீர்ந்தது’ என்றார். அதையும் விலை விசாரித்தோம்.

2023ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாளை இக்காலனியில் மறந்தவர் இலர். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மாலையில் நம் ஊரைக் கடந்து சென்று, 7 மணியளவில் பாலசோர் மாவட்டத்துப் பகநாகா பஜாரில் விபத்துக்குள்ளாயிற்று. ஏறத்தாழ 290 பேர் மாண்டனர். செய்தி வந்ததும் அலுவலகத்தில் எங்களை இருத்திக்கொண்டனர். வங்கியில் கணக்கு முடியாததால் மனைவி வீடு சேரவும் இரவு 9 மணி ஆயிற்று.

மாசியின் மகன் அந்த வண்டியில்தான் சென்னைக்குக் கொத்து வேலைக்குப் புறப்பட்டிருந்தான். அதைக் காலையிலேயே அவர் எங்களிடம் சொல்லியிருந்தார். வழியனுப்ப ஒரு மணி நேரம் விடுப்புக் கேட்டார். வங்கியில் வேலை மிகுதி என்று மறுத்தோம். அலுவலகத்தில் அன்று எத்தனையோ பேருக்குத் தொலைபேசியில் மறுமொழி சொன்ன எங்களுக்கு, எங்கள் வீட்டிலிருந்த ஒரு தாயின் நினைவு வரவில்லை.

மனைவி உள்ளே நுழைந்தபோது மாசி, உறங்கும் பிள்ளையின் அருகே அமர்ந்து விசிறிக்கொண்டிருந்தாராம். அலமாரியின் மேல்தட்டில் கைப்பேசி ஓசையின்றி ஒளிவிட்டு அணைந்துகொண்டிருந்தது. பதினான்கு அழைப்புகள். மகன் கை முறிந்த நிலையில், யாரோ ஒருவருடைய கைப்பேசியிலிருந்து அழைத்திருக்கிறான். உயிர் பிழைத்தான், அது எங்கள் புண்ணியத்தால் அன்று. ‘ஏன் எடுக்கவில்லை?’ என்று மனைவி அழுதுகொண்டே கேட்க, ‘எடுக்கக் கூடாது என்றீர்களே’ என்றார் மாசி. அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

விதியே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. ஜன்னல் திண்டில் பிள்ளை நின்றதும் உண்மைதானே? நம் தொழிலிலேயே பாருங்கள். இடைப்பூட்டு இல்லாத லெவல் கிராசிங்கில் கேட் மூடியதா என்பதை ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணால் காண்பதில்லை. கேட்காரர் மூடிவிட்டுத் தொலைபேசியில் பிரைவேட் நம்பர் ஒன்றைச் சொல்கிறார். இவர் அதைக் குறித்துக்கொண்டு வண்டியை விடுகிறார். நம்பிக்கையும் உண்டு, விதியும் உண்டு. ஆனால் கம்பி இரு பக்கமும் பேசுகிறது. நாங்கள் செய்த பிழை, ஒரு பக்கத்துக் கம்பியை அறுத்துவிட்டு அதற்கு ஒழுங்கு என்று பெயரிட்டது.

பிறகு மாசியோடு அமர்ந்து பேசி, புதிதாக ஒன்று வகுத்தோம். கைப்பேசி சமையலறை ஜன்னலில், ஓசையோடு இருக்கும். அழைப்பு வந்தால் எடுக்கலாம். பிள்ளை விழித்திருக்கும்போது படம் பார்த்தல் இல்லை. குளிப்பாட்டும்போதும் தெருவைக் கடக்கும்போதும் அதைத் தொடுவதே இல்லை. பிள்ளையின் புகைப்படத்தை எவருக்கும் அனுப்பலாகாது. எங்கள் இருவர் எண்ணும் அவர் வீட்டாரிடம் இருக்கும். அலுவலக எண்ணும் இருக்கும். எங்கள் பங்குக்கு, ‘என்ன செய்கிறான், தின்றானா’ என்று மணிக்கு மணி அழைப்பதை நிறுத்தினோம். அவரை வேலை பார்க்க விடாதவர்களில் நாங்களும் அடக்கம் என்று அப்போதுதான் தெரிந்தது!

இன்னொன்றையும் மாசியே சொன்னார். ‘படம் போட்டால்தான் சோறு தின்பான் என்று பழக்கியது யார்?’ 2 வயதில் திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டா என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியிருப்பதை அவருக்குப் படித்துக் காட்டியவர்கள் நாங்கள்; இரவுச் சோற்றுக்குப் படம் போட்டவர்களும் நாங்களே. இப்போது உணவு வேளையில் எங்கள் கைப்பேசிகளும் அதே ஜன்னலுக்குப் போகின்றன. மனைவி தவறுவதில்லை, எம்மைப் பற்றி அவரிடமே கேளுங்கள்.

காமிரா வாங்கவில்லை. வாங்கிய வீட்டாரை நாம் குறை கூறவும் இல்லை. ஆனால் வைப்பதானால் அந்த அம்மையாரிடம் சொல்லிவிட்டு வையுங்கள். மறைத்து வைத்ததை அவர் ஒரு நாள் காண்பார். அதன்பின் அவர் பிள்ளையைப் பார்ப்பாரோ, காமிராவைப் பார்ப்பாரோ, யார் அறிவார்?

மாசி இன்றும் வருகிறார். ஞாயிறு முழுதும் அவருக்கு ஓய்வு. மகன் கை தேறி மீண்டும் சென்னையில் வேலை செய்கிறான். தமிழ் நன்றாகப் பேசுகிறானாம். மாலை 6 மணிக்கு அவன் அழைக்கும்போது எங்கள் பிள்ளைதான் முதலில் ஓடிச் சென்று, ‘மாசி, போன்!’ என்கிறான்.

சிறுவர் நாடகத்துக்கு ஒப்பனை முடிந்துவிட்டதென்று செயலாளர் சைகை காட்டுகிறார்.