எல்லைக் கல்லுக்கு அப்பால் யார் பொறுப்பு?



நகரத் திட்டமிடல் என்றதும் மாஸ்டர் பிளான், அடுக்குமாடி, மெட்ரோ என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். நகர எல்லைக்கு வெளியே ஒரு விளைநிலம் மனைகளாகத் துண்டுபடும்போது அதை யார் கேட்பது என்ற கேள்வி, கருத்தரங்குகளில் கடைசி அமர்வுக்கே வந்து சேரும். அப்போது பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும். அதனால்தான் தலைமையுரையிலேயே அதை எடுத்துக்கொள்கிறேன். எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம்.

அங்கே மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகளான கவுண்டிகள் 254. 2020 கணக்கெடுப்பில் ஹாரிஸ் கவுண்டியில் சுமார் 47 லட்சம் பேர். லவிங் கவுண்டியில் 64 பேர். இரண்டையும் நடத்துவது ஒரு கவுண்டி ஜட்ஜும் நான்கு கமிஷனர்களும்தான். சொந்தச் சாசனம் எழுதிக்கொண்ட நகரம், சட்டம் தடுக்காத எதையும் செய்யலாம். கவுண்டிக்கு அந்தச் சலுகை இல்லை. சட்டமன்றம் எடுத்துக் கொடுத்ததற்கு மேல் ஓர் அடி வைக்க முடியாது.

மனைப்பிரிவுக்காகக் கொடுக்கப்பட்டது, உள்ளாட்சிச் சட்டத்தொகுப்பின் 232ஆம் அத்தியாயம். நிலத்தைப் பிரித்து விற்பவர் வரைபடம் தாக்கல் செய்ய வேண்டும். சாலை எத்தனை அடி அகலம், மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்று கவுண்டி கேட்கலாம். அங்கே எழும் கட்டடம் வீடா, கிடங்கா, எத்தனை மாடி, ஏக்கருக்கு எத்தனை குடும்பம் என்று பொதுவாகக் கேட்க முடியாது. சட்டமே வாயைக் கட்டியிருக்கிறது. துண்டுகள் எல்லாம் 10 ஏக்கருக்கு மேல் இருந்து, தெருவும் போடவில்லை என்றால், பொதுவிதிப்படி வரைபடமே வேண்டாம்.

கவுண்டியின் அதிகாரம் இப்படிக் குறுகியிருந்ததால் என்ன நடந்தது என்பதை மெக்சிகோ எல்லையோரம் பார்க்கலாம். ஹிடால்கோ, கேமரன், எல் பாசோ கவுண்டிகளில் 1950களிலிருந்தே, பயிருக்கு உதவாத நிலமும் வெள்ளம் தேங்கும் பள்ளமும் மனைகளாக விற்கப்பட்டன. குடிநீர் இல்லை, சாக்கடை இல்லை. கொலோனியா என்பது அந்தக் குடியிருப்புகளின் பெயர். வாங்கியவர்கள் பெரும்பாலும் தோட்டங்களிலும் கட்டட வேலையிலும் கூலிக்குப் போனவர்கள். கையில் கொஞ்சம் முன்பணம், பிறகு மாதத் தவணை. கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் விற்றவரிடமே இருக்கும். நடுவில் தவணை தவறினால் மனையும் போச்சு, கட்டிய பணமும் போச்சு, கையால் எழுப்பிய வீடும் போச்சு. வீட்டுக்குப் பின்னால் கழிவுக்குழி, அதற்குப் பக்கத்திலேயே ஆழமில்லாத கிணறு. நோய் வராமல் என்ன செய்யும்?

1989இல் சட்டமன்றம் விழித்தது. குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்கு மாநில நிதி வேண்டுமென்றால், மாநில நீர்வள வாரியத்தின் மாதிரி விதிகளைக் கவுண்டி ஏற்க வேண்டும் என்றது. 1995இல் பிடி இறுகியது. எல்லையோரக் கவுண்டிகளில், விதிப்படி பிரிக்கப்பட்ட மனை என்ற சான்று இல்லாமல் தண்ணீர் இணைப்போ மின் இணைப்போ தரக்கூடாது. தவணை விற்பனைக்கும் கடிவாளம் விழுந்தது. பதிவு செய்யப்பட்ட தவணை ஒப்பந்தத்தைக் கிரயப் பத்திரமாகவே கருத வேண்டும் என்ற நிலை வர 2015 ஆகிவிட்டது.

இணைப்பு மறுப்பு பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். புதிய கொலோனியாக்களைத் தடுப்பதற்கு அது வலுவான ஆயுதம். ஆனால் விற்றவர் மீது வழக்குத் தொடுக்க அரசு வக்கீல் வேண்டும், ஆதாரம் வேண்டும், ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும்; வாங்கியவரின் மின்கம்பியை நிறுத்திவைக்க ஒரு குமாஸ்தா போதும். சுலபமானது எதுவோ அதுதான் நடக்கும். பின்னர் பழைய மனைகளுக்கு விலக்குகள் வந்தன என்பதே, முதல் அடி யார் தலையில் விழுந்தது என்பதற்குச் சாட்சி.

இன்னொரு சிக்கல். நகரத்தின் கை எல்லைக்கு வெளியேயும் நீளும். 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி, மக்கள்தொகையைப் பொறுத்து அரை மைலிலிருந்து 5 மைல்வரை. அந்த வளையத்துக்குள் நகரமும் கேட்டது, கவுண்டியும் கேட்டது. ஒரே மனைக்கு இரண்டு அலுவலகம், இரண்டு விதமான சாலை அகலம். யாராவது ஒருவர் பொறுப்பேற்க உடன்பாடு செய்துகொள்ளுங்கள் என்று 2001இல்தான் சொன்னார்கள். 2023இல் காற்று திசை மாறியது: நில உரிமையாளர்கள் மனுக்கொடுத்து அந்த வளையத்திலிருந்தே வெளியேறலாம் என்று சட்டம் வந்தது. வெளியேறிய நிலத்துக்குக் கவுண்டி மட்டுமே மிச்சம். பொறுப்பு கூடியிருக்கிறது, வீட்டு அடர்த்தியைக் கேட்கும் அதிகாரம் அதோடு சேர்ந்து வரவில்லை.

ஆகவே கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். சட்டப் பிரிவுகளை விளக்குவதோடு நின்றுவிடாதீர்கள். வரைபடத்தைச் சரிபார்க்கும் பொறியாளர் கவுண்டிச் சம்பளப் பட்டியலில் இருக்கிறாரா, 30 நாள் கெடுவுக்குள் அவரால் நிலத்தை நேரில் போய்ப் பார்க்க முடிகிறதா என்றும் கேளுங்கள். இணைப்பு மறுக்கப்பட்ட குடும்பம் எந்தக் கதவைத் தட்டியது என்பதையும் எழுதுங்கள். முதல் அமர்வின் கட்டுரை எல் பாசோவைப் பற்றியது என்று நிகழ்ச்சி நிரல் சொல்கிறது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.