உள்ளதை உள்ளவாறு உரைத்தல்

(நெய்வேலியில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

பேச்சு பலவகைப்படும். வாழ்த்துவது ஒன்று, வாதிட்டு வெல்வது ஒன்று, கேட்போர் அறியாத பொருளை அறிவிப்பது ஒன்று. முதலிரண்டிற்கும் நம் மேடைகளில் குறைவில்லை. மூன்றாவதே அரிது. அதனை நம் இளைஞர்கள் பயிலவேண்டும் என்பதே இன்று என் வேண்டுகோள்.

இதற்கு வழிகாட்டியவர் நம்மவரே. 13ஆம் நூற்றாண்டில், சீயகங்கன் வேண்ட நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், அதன் பாயிரத்தில் நூலுக்குக் குற்றம் பத்து, அழகு பத்து என வகுத்தார். ஆசிரியன் பாடஞ் சொல்லும் முறையையும் தனியே உரைத்தார். சொல்லப்புகும் பொருளை முன்னரே உள்ளத்தில் அமைத்துக்கொள்ள வேண்டும்; விரைவும் வெகுளியும் கூடா; கேட்பவனின் கொள்ளும் ஆற்றலறிந்து அதற்கேற்பச் சொல்லவேண்டும் என்பது அதன் சாரம்.

அப்பத்துக் குற்றங்களுள் மூன்றை நம் ஊரைக் கொண்டே விளக்குவேன். விருந்தினர் ஒருவர்க்குச் சுரங்கத்தைப் பற்றிச் சொல்கிறோம். மேல்மண், பழுப்பு நிலக்கரி, அனல்மின் நிலையம் என்னும் வரிசை பிறழ்ந்தால் அவர் குழம்புவார். அது மயங்க வைத்தல். நிலக்கரிப் படிவத்தின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இடையறாது இறைத்தால்தான் சுரங்கம் நிலைக்கும் என்பதை விட்டுவிட்டால், அது குன்றக் கூறல். 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்ததைச் சொல்லவந்து, அவர் வரலாறு முழுவதையும் விரித்தால், அது மற்றொன்று விரித்தல். இங்கு விளைந்த மின்னொளியைச் சொல்வோர், அதற்காக நிலம் கொடுத்த உழவர்களையும் சொல்லவேண்டும். ஒரு பக்கத்தை மறைத்தபின் அது அறிவித்தல் ஆகாது.

நல்ல விளக்கத்தின் பயனுக்கு ஒரு சான்று கூறுவேன். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரான உ.வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியை ஆராயப் புகுந்தார். சைவச் சூழலில் வளர்ந்த அவர்க்குச் சமண நூற்பொருள் புதிது. ஐயம் தீர அவ்வூர்ச் சமணர் இல்லங்களை நாடினார். சந்திரநாத செட்டியார் முதலியோர் அவர் வினவியவற்றை விளக்கினர். ஐயர் சைவராகவே இருந்தார், ஐயம் நீங்கிற்று, 1887இல் சிந்தாமணி அச்சேறிற்று. இவ்வுதவியை அவரே ‘என் சரித்திரம்’ நூலில் பதிவு செய்துள்ளார்.

அந்தக் கடமை இன்று நம் பிள்ளைகளிடம் வந்துள்ளது. நெய்வேலியின் வட்டங்களில் பல மாநிலத்தார் வாழ்கின்றனர். “தமிழரிலும் சமணர் உண்டா? நீங்கள் வடக்கிலிருந்து வந்தவர்களா?” என்று அண்டை வீட்டார் கேட்கின்றனர். சினவாது விடை கூறுக. மதுரையை அடுத்த மாங்குளத்தில், கிறித்துவுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் நெடுஞ்செழியன் பெயரையும் கணிநந்தி என்னும் துறவியின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. இதனைத் தயங்காமல் சொல்லுக.

திருவள்ளுவர் சமணர் என்பது நம்முள் பலர் கொண்ட கருத்து, யானும் அக்கருத்தினன். எனினும் அதனைக் கல்வெட்டுச் செய்திபோல் முடிந்த முடிபாக உரைத்தலாகாது. “அறிஞர் சிலர் இவ்வாறு கருதுவர், பிற சமயத்தாரும் அவரைத் தம்மவர் என்பர்” என்று சொல்வதே முறை. இதனால் நமக்கு இழுக்கில்லை. ஒரு பொருளைப் பல நோக்கில் காணச் சொல்லும் அநேகாந்தம் நம்முடையதன்றோ?

நாம் எண்ணிக்கையிற் சிறியோம். ஒருமுறை மிகைபடக் கூறியது வெளிப்பட்டால், நம் உறுதியான சான்றுகளையும் உலகம் ஐயுறும். ஆதலின், மேடையேறுமுன் ஒவ்வொரு செய்தியையும் வினவுக: இது சான்றுடையதா, நம் நம்பிக்கையா? இரண்டையும் சொல்லலாம், இன்னது இது என்று பிரித்துச் சொல்லவேண்டும். வாய்மை நம் அணுவிரதங்களுள் ஒன்று. அது மேடைக்கும் உரியது.