கண்ணுக்குத் தெரியாத கைகள்



ஒரு காகிதக் கோப்பை உலகத்தையே நகைக்க வைத்த செய்தியை முதலில் சொல்லி விடுகிறேன். 2019 ஆம் ஆண்டு மே மாதம் 5 ஆம் நாள், அமெரிக்காவின் எச்.பி.ஓ. என்னும் தொலைக்காட்சி நிறுவனம் 'கேம் ஆப் த்ரோன்ஸ்' தொடரின் ஒரு பகுதியை ஒளிபரப்பியது. வாளும் கேடயமும் குதிரையும் கோட்டையுமாக விரியும் கற்பனை உலகம் அது. அரண்மனையில் வெற்றி விருந்து நடக்கிறது. அரசியின் முன்னே உள்ள மேசையில், பழங்காலக் குவளைகளுக்கும் தட்டுகளுக்கும் நடுவே, கடையில் காப்பி வாங்கும் காகிதக் கோப்பை ஒன்று! திரையில் அது தெரிந்தது இரண்டொரு கணங்களே. ஆயினும் மறுநாள் செய்தித்தாள்களெல்லாம் அதைப் பற்றியே பேசின. நிறுவனத்தாரும் சிரித்துக்கொண்டே தவற்றை ஒப்புக்கொண்டு, கணினியின் துணையால் கோப்பையை அழித்து விட்டனர்.

கோப்பையை எடுக்க மறந்தவர் யாரென்று உலகம் தேடியது. அதே மேசையில் இருந்த மற்றப் பொருள்களையெல்லாம் பிழையின்றி எடுத்து வைத்தவர் யாரென்று எவரும் தேடவில்லை. திரைக்குப் பின்னே நிகழும் தொழிலின் இயல்பே இதுதான். அது செவ்வையாக நடந்தால் கண்ணில் படாது. படுமானால், எங்கோ பிழை நேர்ந்தது என்பது பொருள். அவ்வாறு கண்ணில் படாமற் போனவற்றுள் சிலவற்றை இன்று உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

ஒரு சொல் முன்னதாகவே கூறவேண்டும். இத் தொடரின் கதை வயது வந்தோர்க்கு உரியது. கொலையும் கொடுமையும் முறையற்ற செயல்களும் அதில் மலிந்துள்ளன. அதைப் பாருங்கள் என்று பள்ளி மாணவருக்கு நான் சொல்லமாட்டேன். கதையைப் பற்றியதன்று என் பேச்சு; அதைக் கட்டி எழுப்பிய கைகளைப் பற்றியது.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்ற அமெரிக்க எழுத்தாளரின் நாவல் வரிசையைத் தழுவி, டேவிட் பெனியாப், டி. பி. வைஸ் என்ற இருவர் உருவாக்கியது இத் தொடர். 2011 ஏப்ரல் 17 முதல் 2019 மே 19 வரை எட்டுப் பருவங்களாக, 73 பகுதிகள் வெளிவந்தன. தொடக்கம் சிறப்பாக இருக்கவில்லை. 2009 இல் அவர்கள் எடுத்த முதற்பகுதியை நண்பர்கள் சிலருக்குப் போட்டுக் காட்டினர். கதையில் வரும் இரு முக்கிய மாந்தர் உடன்பிறந்தவர் என்பதுகூடப் பார்த்தவர்க்கு விளங்கவில்லை! வேறோர் இயக்குநரைக் கொண்டு, நடிகர் சிலரையும் மாற்றி, 2010 இல் பெரும்பகுதியை மீண்டும் எடுத்தார்கள். முதலில் எடுத்தது முழுமையாக வெளியிடப்படவே இல்லை. கட்டுரையைத் திருத்தி எழுதுக என்று ஆசிரியர் சொன்னால் முகம் சுளிக்கும் மாணவர் இதனைக் குறித்துக் கொள்ளலாம்.

இவ்வளவும் நடந்த இடம் வட அயர்லாந்தின் தலைநகராகிய பெல்பாஸ்ட். 1911 இல் டைட்டானிக் கப்பலைக் கடலில் இறக்கிய 'ஹார்லண்டு அண்டு வுல்ப்' கப்பல் தளம் அங்கேதான் உள்ளது. முன்னொரு காலத்தில் அத்தளம் பல்லாயிரம் தொழிலாளருக்குச் சோறிட்டது. பின்னர்க் கப்பல் கட்டும் தொழில் நலிந்தது. நகரமோ 1998 இல் அமைதி உடன்பாடு ஏற்படும் வரை முப்பது ஆண்டுகள் உட்பகையால் அல்லற்பட்டது. கப்பலின் பெரும் பகுதிகளை உள்ளே நிறுத்தி வண்ணம் பூசுவதற்கென்று, டைட்டானிக்கின் காலத்துக்கு நெடுநாள் பின்னர், கட்டப்பட்ட கூடம் ஒன்று அங்கே வெறுமையாய்க் கிடந்தது. வண்ணக் கூடம் என்றே அதற்குப் பெயர். உயர்ந்த கூரை, நடுவே தூண் இல்லாத பரப்பு. அரண்மனையின் கொலுமண்டபம் எழுப்ப இதைவிட ஏற்ற இடம் வேறென்ன வேண்டும்? தச்சரும் கொல்லரும் பூச்சுவேலைக்காரரும் மீண்டும் அங்கே கருவிகளோடு நுழைந்தனர். இம்முறை அவர்கள் செய்தவை மரத்தாலும் சாந்தாலும் ஆன பொய்க் கோட்டைகள். பொய்யென்றாலும் கூலி மெய்யாயிற்றே!

படம் பிடிக்கும் முறையையும் சற்று எண்ணிப் பாருங்கள். கதை ஓடும் வரிசையில் காட்சிகளை எடுப்பதில்லை. ஓர் இடத்தில் நிகழும் காட்சிகளையெல்லாம், அவை எப்பகுதியில் வருவனவாயினும், சேர்த்து எடுத்து முடித்துவிட்டே அடுத்த இடத்துக்கு நகர்வர். இத் தொடருக்கு 'டிராகன்', 'ஓநாய்' என்று பெயர் சூட்டிய இரு குழுக்கள் ஒரே காலத்தில் வெவ்வேறு நாடுகளில் வேலை செய்தன. ஒன்று ஐஸ்லாந்துப் பனியில் நிற்கும்போது மற்றொன்று குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக் நகரத்து வெயிலில் நிற்கலாம். காலையில் எடுத்தது இரண்டாம் பகுதியின் காட்சி, மாலையில் எடுப்பது ஒன்பதாம் பகுதியின் காட்சி என்றால், இடையில் அந்த வீரன் பட்ட காயம் எத்தனை நாள் ஆறியிருக்கும், தாடி எவ்வளவு வளர்ந்திருக்கும், மேலாடையில் கறை எந்தப் பக்கம் என்பதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு நிற்க ஒருவர் வேண்டும். அவர் நாள் முழுதும் கண்விழித்துக் காத்தவை எண்ணில. தப்பிப் போனது ஒரு காப்பிக் கோப்பை.

ஆடைத் துறைக்கு வருவோம்; எனக்கு மிகவும் வியப்பளித்த துறை இது. தலைமை வகித்தவர் மிஷேல் கிளாப்டன் என்ற ஆங்கில அம்மையார். புத்தாடை தைப்பது அங்கே பாதி வேலைதான். தைத்ததைத் தேய்த்து, கிழித்து, அழுக்கேற்றி, பத்தாண்டு உழைத்தது போல ஆக்குவது மறு பாதி. அதற்கென்றே தனிப் பணியாளர் உண்டு. வடதிசைப் பனிச்சுவரைக் காக்கும் வீரர் தோளிற் போர்த்திய கம்பளித் தோல்களிற் சில, ஐக்கியா என்னும் பெயர்பெற்ற கடையில் விற்கும் சாதாரணத் தரைவிரிப்புகளே என்று அந்த அம்மையார் 2016 இல் வெளிப்படையாகக் கூறினார். விரிப்பை வெட்டி, மயிரைக் கத்தரித்து, தோல்வார் இணைத்து, மெழுகும் உறைபனிப் பூச்சும் ஏற்றினார்களாம். அத்தனை பொருட்செலவுள்ள தொடரிலும் சிக்கனம் அறிந்தவர் இருந்திருக்கிறார்.

அதே துறையில் பூவேலை செய்த மிஷேல் கேரகர் என்பவரின் ஊசித் திறனை என்னவென்பது! மூன்றாம் பருவத்தில் சான்சா என்ற இளம்பெண்ணுக்கு, அவள் விரும்பாத மணம் நடக்கிறது. மணவாடையைச் சுற்றி ஒரு நீண்ட பட்டை ஓடுகிறது. அதில் தாய்க் குலத்தின் மீனும் தந்தை குலத்தின் ஓநாயும் பின்னிப் பிணைந்திருக்கும். பட்டை மேலே செல்லச் செல்ல மணமகன் குலத்தின் சிங்கம் தலைதூக்கி, ஓநாயை அடக்கி நிற்கும். அவள் வாழ்க்கை வரலாறே நூலால் எழுதப்பட்டிருந்தது. திரையில் அது தெளிவாகத் தெரிந்தது சில கணங்கள். எத்தனை பேர் உற்று நோக்கினரோ, யான் அறியேன். 'பின் ஏன் இவ்வளவு பாடு?' என்று நீங்கள் கேட்கலாம். அணிந்து நிற்கும் நடிகைக்குத் தெரியும் அல்லவா? எதிரே நிற்பவர்க்கும் தெரியும். பார்வையாளர் உணர்வதெல்லாம், இது மெய்யான ஒரு குடும்பத்தின் துயரம் என்பதையே. நூலை அவர்கள் காண்பதில்லை.

மொழியை ஆக்கியவரின் பணி இதனினும் நுண்ணியது. குதிரையேறித் திரியும் டோத்ராக்கி என்ற இனத்தார்க்கு ஒரு மொழி வேண்டியிருந்தது. மூல நாவலில் சில சொற்களே இருந்தன. மொழி படைப்போர் சங்கம் ஒன்றன் உறுப்பினரிடையே போட்டி வைத்து, டேவிட் பீட்டர்சன் என்ற மொழியியல் அறிஞரைத் தேர்ந்தெடுத்தனர். அவர் இலக்கணத்தோடு தொடங்கினார். அந்த மக்கள் எதை அறிவர், எதை அறியார் என்று எண்ணிச் சொற்களைப் பிறப்பித்தார். நலம் விசாரிக்கும்போது, 'நன்றாகக் குதிரை ஏறுகின்றீரா?' என்றுதான் அவர்கள் கேட்பர். 'நன்றி' என்பதற்கு அம்மொழியில் சொல்லே கிடையாது.

பிறகு 'உயர் வலீரியம்' என்ற பழமொழியையும் அவரே ஆக்கினார். மூலநூலில் 'வலார்' என்ற சொல்லுக்கு 'எல்லா மனிதரும்' என்ற பொருள் இருந்தது. அந்த ஒரு சொல்லைக் கொண்டே, ஒருமை, பன்மை இவற்றோடு, 'சில' என்று குறிப்பதற்கு ஓர் எண்ணும், 'எல்லாம்' என்று தொகுப்பதற்கு ஓர் எண்ணுமாக நான்கு எண்கள் அம்மொழிக்கு அமைத்து விட்டார். பெயர்ச்சொற்களுக்குச் சந்திரன், சூரியன், நிலம், நீர் என நான்கு பால். வேற்றுமையோ எட்டு. நன்னூல் பயின்ற மாணவர் இவ்வெட்டைக் கேட்டுப் புன்முறுவல் பூக்கலாம். 2017 இல் டியோலிங்கோ என்ற மொழிப் பயிற்சி நிறுவனம் உயர் வலீரியத்தைக் கற்பிக்கவே தொடங்கியது. நடிகர் நான்கு வரி தவறாகச் சொன்னாலும் அறிவார் யாருமில்லை என்று தொடங்கிய வேலை, தவறு கண்டுபிடிக்கும் மாணவரையே உண்டாக்கி விட்டது!

டிராகன் என்ற நெருப்புமிழும் பறவைநாகத்தைப் பற்றிச் சிறிது. அது படப்பிடிப்பில் இல்லவே இல்லை. அதன்மேல் ஏறிப் பறக்கும் எமிலியா கிளார்க் என்ற நடிகை உட்கார்ந்திருந்தது பச்சை வண்ணம் பூசிய ஓர் இயந்திர முதுகின் மேல். கணினி ஓவியர் முன்னரே வகுத்த அசைவுக்கேற்ப அது குலுங்கும். எதிரே விசிறிகள் காற்றை வீசும். ஓவியரோ மாதக்கணக்கில் மேசையருகே அமர்ந்து, இறகின் எலும்பும் தசையும் எவ்வாறு மடங்கும் என்று உயிர்களைப் பார்த்துப் பயின்று வரைந்தனர். நடிகையின் பெயரை உலகறியும். ஓவியரின் பெயர்கள் இறுதிப் பட்டியலில் விரைந்தோடும். நாமோ அதற்குள் எழுந்து விடுகிறோம்.

பள்ளி ஆண்டுவிழாக்களுக்கு நாடகம் ஆயத்தம் செய்த காலத்தில் நான் கண்டது ஒன்று. அரசன் வேடத்துக்குப் பத்துப் பேர் வருவர். திரை இழுக்க ஒருவரும் வாரார். இப்போது என் குரலைக் கேட்கிறீர்கள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அமர்ந்து, என் குரல் தாழ்ந்தால் ஏற்றியும் உயர்ந்தால் இறக்கியும் உங்களிடம் அனுப்பும் பொறியாளர் ஒருவர் இருக்கிறார். நேரம் குறைகிறதென்று எனக்கு அவர் கையசைப்பது உங்களுக்குத் தெரியாது.

ஆகவே போர்க்களத்துக்கு விரைகிறேன். ஆறாம் பருவத்தின் பெரும்போர் 2016 ஜூனில் ஒளிபரப்பாயிற்று. அதை எடுக்க 25 நாள். துணைநடிகர் 500 பேர், பணியாளர் 600 பேர், குதிரைகள் 70. ஓயாத மழையால் வயல் சேறாகிவிட, டன் கணக்கில் சரளைக் கல் கொட்டினர். அப்படியும் நாள் கடந்தது. எழுதியபடி எடுத்து முடிக்க இயலாதென்பது தெளிவாயிற்று. இயக்குநர் மிகேல் சபோச்னிக், எழுதியதன் ஒரு பகுதியைக் கைவிட்டு வேறொன்று எடுக்க இசைவு கேட்டார். தன் படையினரே கால்மிதியாகத் தன்மேல் ஏற, தலைவன் அவர்களுக்கு அடியில் மூச்சுத் திணறி மேலே எழும் காட்சி அவ்வாறு பிறந்தது. அப்போரில் மக்கள் மறவாத காட்சி அதுவே. அப்பகுதிக்காக அவ்வாண்டே அவருக்கு எம்மி விருதும் கிடைத்தது.

இறுதிப் பருவத்தின் இரவுப்போருக்கு 55 இரவுகள் வெட்டவெளியில் உழைத்தனர். மாலையில் தொடங்கி விடியும்வரை குளிரிலும் ஈரத்திலும் நின்றவர்கள், பகலில் வீட்டில் தங்கள் குழந்தைகளைக் கண்ணயர்ந்த நிலையிலேயே கண்டிருப்பர். 2019 ஏப்ரல் 28 அன்று அது வெளியானபோது, இருட்டில் ஒன்றும் தெரியவில்லை என்று பார்த்தோர் பலர் முறையிட்டனர். வீட்டுத் தொலைக்காட்சிகள் சரியாக அமைக்கப்படவில்லை என்றார் ஒளிப்பதிவாளர். இவ்வழக்கில் நான் பார்வையாளர் பக்கமே நிற்கிறேன். உழைத்த கை மறைந்திருக்கலாம். உழைப்பின் பயனும் மறைந்து போகலாமா? அந்த இரவுகளில் நின்றவர்களை எண்ணியே இதைச் சொல்கிறேன்.

தொடர் முடிந்த மறு வாரம், 2019 மே 26 அன்று, ஜீனி பின்லே என்ற இயக்குநரின் ஆவணப்படம் வெளிவந்தது. அரசனையும் அரசியையும் அவர் நாடவில்லை. பொய்ப்பனி தூவும் துறையின் தலைவர், முகமூடி ஒப்பனை செய்யும் கணவன் மனைவியர், ஆண்டுக்கணக்கில் கூட்டத்தில் ஒருவராக வாளேந்தி நின்ற துணைநடிகர் ஆகியோரின் பின்னே ஒளிப்படக் கருவியைக் கொண்டு சென்றார். தம் தொழிலைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் பெருமிதத்தை, இயன்றால், வயது வந்த மாணவர் பார்க்க வேண்டும்.

பெல்பாஸ்டுக்குத் தெற்கே பான்பிரிட்ஜ் என்ற சிற்றூரில் இத் தொடரின் படப்பிடிப்பு நிலையம் ஒன்று இருந்தது. 2022 பிப்ரவரியில் அது பொதுமக்கள் காணும் கூடமாகத் திறக்கப்பட்டது. ஆடைகளையும் ஆயுதங்களையும் அரங்கப் பகுதிகளையும் அங்கே வைத்தனர். ஒளிப்படக் கருவி ஒரு நொடியில் கடந்துபோன தையலின் முன்னே, அங்கு ஒருவர் நின்று நிதானமாக இழை இழையாகப் பார்க்கலாம். அவசரப்படுத்த அடுத்த காட்சி இல்லை.