பழைய நினைவும் புதிய ஆட்டமும்



திருவண்ணாமலை என்றவுடன் அருணாசலேசுவரர் கோயில் கொண்டுள்ள நகரமே உங்கள் நினைவுக்கு வரும். எங்கள் பகுதியிலும் அப்பெயர் தாங்கிய ஊர் ஒன்று உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அண்மையில், சீனிவாசப் பெருமாள் குன்றின்மேல் எழுந்தருளியிருக்கும் ஊர் அது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் இராஜபாளையத்திலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் மக்கள் திரளாக அங்கே வருவர்.

சென்ற புரட்டாசியில் மகனுடனும் பேரனுடனும் நானும் சென்றிருந்தேன். அடிவாரத்தில் கடைக்காரர் ஒருவர் பனையோலைக் கிலுகிலுப்பையை ஆட்டிக் காட்டி, "ஐயா, இது உங்க காலத்துச் சாமான்" என்றார். விலை கேட்கவும் மறந்து வாங்கிவிட்டேன். பேரனுக்கோ வயது பன்னிரண்டு. "இது யாருக்குத் தாத்தா?" என்று அவன் வினவியபோதுதான் உண்மை விளங்கிற்று. நான் வாங்கியது ஓலைப் பொருளையன்று, என் இளமையை.

இதைக் கேட்டுச் சிரித்த என் மகன், தன் கதையையும் கூறினான். கல்லூரி நாட்களில் அவன் 'பால்டர்ஸ் கேட்' என்னும் கணினி விளையாட்டில் உறக்கம் மறந்தவன். 1998இல் வெளிவந்த அது, பாத்திரமேற்று ஆடும் வகையைச் சேர்ந்தது. ஆடுபவர் வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, தோழர் சிலரைத் திரட்டிக்கொண்டு, கதைக்குள்ளேயே பயணம் செய்வார். நாளடைவில் அத்தகைய ஆட்டங்களுக்கு முதலிட வெளியீட்டாளர் தயங்கினர்.

2012இல் அப்சிடியன் என்னும் அமெரிக்க நிறுவனம், கிக்ஸ்டார்ட்டர் என்னும் இணையத்தளத்தின் வழியே பொதுமக்களிடமே பணம் கேட்டது. ஆட்டம் இன்னும் உருவாகவில்லை. பால்டர்ஸ் கேட் முதலிய மூன்று பழைய ஆட்டங்களின் பெயரைச் சொல்லி, அவற்றின் வழியில் ஒன்று படைப்போம் என்று வாக்களித்தது. கேட்ட தொகை 11 லட்சம் டாலர். ஏறத்தாழ 74 ஆயிரம் பேர் சேர்ந்து அளித்ததோ 40 லட்சம் டாலருக்குச் சற்றே குறைவு. அவர்களுள் என் மகனும் ஒருவன்.

காணாத பொருளுக்கு இத்தனை பேர் பணம் தந்தது ஏன்? நினைவு என்பது கைதேர்ந்த வாணிகன். அது இடர்களை மறைத்து இன்பத்தை மட்டுமே கடைபரப்பும். பழைய ஆட்டத்தின் தொல்லைகளை என் மகன் மறந்துவிட்டான். நள்ளிரவில் விடுதித் தோழருடன் பருகிய தேநீரை மறக்கவில்லை.

எனினும் இதனை ஏமாற்று என்று நான் கூறேன். 2015இல் 'பில்லர்ஸ் ஆஃப் இட்டர்னிட்டி' என்ற பெயரில் வெளிவந்த அவ்வாட்டம் பெரிதும் பாராட்டப்பெற்றது. வணிகர் கைவிட்ட ஒரு கலையை மக்களின் ஏக்கமே மீட்டது.

ஆனால் ஏக்கம் எத்தனை முறை விலைபோகும்? 2018இல் வந்த இரண்டாம் பாகம், வெளியான காலத்தில் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. காரணம் பலவாகலாம், ஒருமுறை தணிந்த ஏக்கம் மறுமுறை அதே விலை தராது என்பதும் அவற்றுள் ஒன்றென எண்ணுகிறேன். 2023இல் லாரியன் நிறுவனம் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' பழம்பெயரைத் தாங்கியிருந்தும் பழைய உருவை அப்படியே பெயர்த்து வைக்கவில்லை. போர்முறையையே மாற்றி, முறைவைத்து ஆடுமாறு அமைத்தது. முதலாட்டம் வந்தபோது பிறந்தேயிராத இளைஞரும் அதனை விரும்பி ஆடினர். பெயர் வாயிலைத் திறந்தது. வந்தவரை உள்ளே இருத்தியது தரமன்றோ?

மாணவர்களே, விலைபோகுமளவு பழைய நினைவு உங்களிடம் இன்னும் சேரவில்லை. ஆகவே பிறருடைய நினைவையே உங்களுக்கு விற்க முற்படுவோர் உண்டு. "அந்தக் காலத்துச் சுவை", "அந்தக் காலத்து ஆட்டம்" என்று எவரேனும் அழைத்தால், பணப்பையைத் திறக்குமுன் ஒன்று கேளுங்கள்: இப்பொருள் இன்றுதான் முதன்முதலாக வந்திருக்குமாயின் இதனை நான் விரும்புவேனா? ஆம் எனில் மனநிறைவோடு வாங்குங்கள். இல்லையெனில் கடைக்காரருக்கு வணக்கம் சொல்லி நடந்துவிடுங்கள்.

அந்தக் கிலுகிலுப்பை என் மேசைமேல்தான் இருக்கிறது. கொடுத்த விலைக்காக நான் வருந்தவில்லை. எதை வாங்குகிறேன் என்று அறியாமல் வாங்கினேனே என்பதுதான் குறை. அக்குறை உங்களுக்கு வேண்டாம்.