இரண்டு மலைகளும் ஒரு கிணறும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்துவடிவம்)



ஆரம்பப் பாடசாலைப் பிள்ளை ஒன்றிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, "விரும்பினதைக் கீறு" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் என்ன வரும் என்பதை இங்கிருந்தே சொல்லிவிடலாம். இரண்டு மலைகள் வரும். அவற்றின் நடுவே பாதிச் சூரியன், மலையடியிலிருந்து வளைந்து இறங்கும் ஓர் ஆறு, ஆற்றங்கரையில் ஒரு தென்னை, பக்கத்தில் சிவப்புக் கூரை வீடு. வானத்தில் நாலைந்து பறவைகள், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல.

நான் பிறந்த சரவணை, வேலணைத் தீவிலுள்ள ஓர் ஊர். அங்கே மலை கிடையாது. மலை என்ன, ஏறி நின்று பார்க்க ஒரு மேடுகூடக் கிடையாது. ஆறும் இல்லை. குடாநாடு முழுவதற்கும் வழுக்கையாறு ஒன்றுதான். அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. சரவணைப் பிள்ளை கண் விழித்தால் காண்பது பனை, வெளி, கடல், மதில் இடிந்த வளவு. ஆனால் அந்தப் பிள்ளையின் தாளிலும் இரண்டு மலைகள் நிற்கின்றன! அவை கரும்பலகையிலிருந்து வந்தவை. ஆசிரியர் கீறிவிட்டார், பிள்ளை பார்த்துக் கீறியது. அந்த ஆசிரியரும் தமது ஆசிரியரைப் பார்த்தே கீறியிருப்பார்.

தமிழ் கற்பிப்பவனுக்குச் சித்திர வகுப்பில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். இந்துக் கல்லூரியொன்றில் ஆறாம் வகுப்புக்கு வந்து சேரும் பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளில் நான் காண்பதும் இதே இரண்டு மலைகளைத்தான். 'எங்கள் ஊர்' என்று தலைப்புக் கொடுத்தால், வயல்கள் பச்சைக் கம்பளம் விரிக்கும், குயில் கூவும், அருவி சலசலக்கும். கட்டுரைக் கோவையில் உள்ள ஊர் அது. எழுதிய பிள்ளையின் ஊர் அதில் ஒரு வரியிலும் இல்லை. தன் கண்ணால் கண்டது தாளில் வைக்கத் தகுதியில்லாதது என்ற எண்ணம் அந்தப் பிள்ளைக்கு ஆறு வயதிலேயே ஏற்பட்டுவிடுகிறது. அந்த எண்ணத்தோடு பதினொரு வயதில் என்னிடம் வருகிறது. ஒளவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று சித்திரத்தையும் செந்தமிழையும் பழக்கத்தால் வருவனவாக ஒரே வரிசையில் வைக்கிறது. நம்மவர்கள் அந்தப் பழக்கத்தைப் பார்த்தெழுதும் பழக்கம் என்று விளங்கிக்கொண்டுவிட்டார்கள் போலும்.

இந்த நோய் புதியதன்று. அதற்கு மருந்து தேடியவர்களும் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். வியன்னாவில் பிரான்ஸ் சிசெக் என்பவர் 1897இல் சிறுவர்க்கென ஒரு சித்திர வகுப்பைத் தொடங்கினார். பெரியவர்களின் படத்தைப் பார்த்துக் கீறும் வழக்கத்தை அங்கே அவர் விலக்கிவைத்தார். இலங்கையிலே 1920களில் சித்திரக் கல்விக்குப் பிரதம பரிசோதகராக இருந்த சி. எவ். வின்சர் இங்கு புதுக்காற்றுக்குக் கதவு திறந்தவர். அவருக்குப் பின் அந்தப் பணியைத் தொடர்ந்தவர் டபிள்யூ. ஜே. ஜி. பீலிங்; '43 குழு' ஓவியர்களில் ஒருவர். வின்சரின் பெயரால் 1938இல் யாழ்ப்பாணத்தில் ஒரு சித்திரக் கழகம் அமைந்தது. அதை முன்னின்று நடத்தியவர் எஸ். ஆர். கனகசபை. பின்னாளில், குருநகரில் 1933இல் பிறந்து 2000இல் மறைந்த ஓவியர் அ. மாற்கு, பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பித்தபடியே தம் ஓவியங்களையும் வரைந்தார். அவற்றிற் பலவற்றை 1995 இடப்பெயர்வில் இழந்தார். இத்தனை பேர் வந்துபோன மண்ணில் இன்னமும் அந்த இரண்டு மலைகள் அசையாமல் நிற்கின்றன.

சென்ற தடவை ஊருக்குப் போனபோது, எங்கள் பக்கத்துச் சிறிய பள்ளிக்கூடம் ஒன்றில் மூன்றாம் தரத்து வகுப்பில் ஒரு முற்பகல் இருக்கக் கிடைத்தது. பதினொரு பிள்ளைகள். 1990 ஆகஸ்டில் தீவுப்பகுதி இடம்பெயர்ந்தபோது வெளியேறிய குடும்பங்களிற் பல திரும்பவேயில்லை. நாங்களும் அப்போது வெளியேறியவர்கள்தாம். ஆகவே பதினொன்று என்பதே அங்கே நல்ல தொகை. வகுப்பாசிரியை இளம்பெண். சித்திரத்தில் விசேட பயிற்சி பெற்றவரல்லர். அவர் கரும்பலகையில் எதையும் கீறவில்லை. "நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வீட்டை போன வழியில கண்டதைக் கீறுங்கோ" என்றார், அவ்வளவுதான்.

நிறத்துக்குக் கடைப்பெட்டி இரண்டு மூன்றுதான் இருந்தன. மற்றவற்றைப் பிள்ளைகளே கொண்டுவந்திருந்தார்கள். அடுப்புக்கரி, மஞ்சள், செங்கட்டித்தூள், கொவ்வையிலை. கரியையும் கொவ்வையிலையையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசிய காலம் மூத்த நேயர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கொவ்வையிலை இங்கே வயலுக்குப் பச்சையாயிற்று. ஒட்டுவதற்குச் சோகி, சிப்பி, ஓலை நறுக்கு. பசை கோதுமை மாவிற் காய்ச்சியது. தூரிகைக்குப் பதில் ஈர்க்கின் நுனியை நசுக்கி வைத்திருந்தார்கள்.

முதற் பத்து நிமிடம் இரண்டொரு தாளில் மலை தலைகாட்டியது. ஆசிரியை அதை அழிக்கச் சொல்லவில்லை. "இந்த மலைக்குக் கிட்டவோ உங்கட வீடு?" என்று மட்டும் கேட்டார். பிள்ளை சிரித்துவிட்டுத் தாளை மறுபக்கம் திருப்பியது.

பிறகு வந்த படங்கள் ஒன்றைப்போல ஒன்று இருக்கவில்லை. ஒரு சிறுமி கடலுக்கு மண்ணிறம் தீட்டியிருந்தாள். வாடைக்காற்றில் கலங்கிய கரைக்கடலைப் பார்த்தவர்களுக்கு அது பிழையாகத் தோன்றாது. இன்னொரு பிள்ளை, கூரையில்லாத வீடொன்றின் சுவரைப் பிளந்து நிற்கும் ஆலமரத்தைக் கீறியிருந்தது. எங்கள் ஊரில் அத்தகைய வீட்டைக் காணாமல் வீட்டுக்குப் போகும் வழியே இல்லை. மூன்றாவது ஒரு பையன்; அவன் தாள் நிறையக் கிணறு. கிணற்றுக்குப் பக்கத்தில் அவனது வீடு தீப்பெட்டி அளவு. கிணற்றின் உள்ளே இருக்கும் தண்ணீரும் வாளியும் கண்ணாடிக்குள் தெரிவதுபோல் தெரிந்தன.

பரீட்சைக் கண்ணோடு பார்ப்பவர் "அளவுப் பிரமாணம் பிழை" என்று சிவப்பு மையால் எழுதியிருப்பார். இந்த வயதுப் பிள்ளை கண்ணுக்குத் தெரியும் அளவிற் கீறுவதில்லை, மனதில் உள்ள அளவிற் கீறுகிறது. உள்ளே இருப்பதாகத் தான் அறிந்ததையும் வெளியே காட்டிவிடுகிறது. விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கல்வியாளர் 1947இல் வெளிவந்த தமது நூலில் பிள்ளைகளின் சித்திர வளர்ச்சிப் படிகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவ்வளவு தூரம் போகாமலும் இதை விளங்கிக்கொள்ளலாம். நமது கோயிற் சிற்பத்திலே தெய்வம் பெரிதாகவும் அடியவர் சிறிதாகவும் நிற்பதை யாராவது பிழை என்று சொன்னதுண்டா?

பையனிடம், "ஏன் ராசா கிணறு இவ்வளவு பெரிசு?" என்று கேட்டேன்.

"இது நல்லதண்ணிக் கிணறு, சேர். எங்கட வளவுக் கிணறு உப்பு. அம்மா விடியவே போறவ. நானும் போறனான். கோடையில தண்ணி கீழ போயிடும், சேர். அப்ப வாளி கல்லில முட்டும். அந்தச் சத்தம் எனக்குப் பயம்."

தீவுகளின் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல். அதற்குள்ளே உப்புநீரின் மேல் மழைநீர் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது, அளவுக்கு மிஞ்சி அள்ளினால் உப்பு மேலேறும் என்று புவியியல் ஆசிரியர்கள் விளக்குவார்கள். பையனுக்கு அந்த விளக்கம் தெரியாது. ஆனால் வாளி கல்லில் முட்டும் சத்தம் தெரியும். அவனுடைய தமிழ்க் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். 'கிணறு' என்ற தலைப்பில் மூன்று வாக்கியங்கள் இருந்தன. கிணறு நீர் தரும், கிணறு வட்டமானது, கிணற்றைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். ஆசிரியையிடம், அவன் சொன்னதை அப்படியே எழுதுவியுங்கள், பேச்சுத்தமிழைப் பின்னர் திருத்திக்கொள்ளலாம் என்றேன். "நானும் அதைத்தான் சேர் யோசிச்சனான்" என்றார்.

நகரப் பக்கத்து நிலைமை வேறு. அங்கே தாளுக்கும் நிறத்துக்கும் குறைவில்லை. ஒப்படை என்று ஒன்று கொடுக்கப்படுகிறது. மறுநாட் காலை ரெஜிபோமில் வெட்டிய வீடு, பிறிஸ்டல் போட்டில் ஒட்டிய பூந்தோட்டம் எல்லாம் வந்து இறங்குகின்றன. செய்தவர் தாயார், அல்லது காசு வாங்கிக்கொண்டு செய்துகொடுப்பவர். பிள்ளை இரவு நித்திரை கொண்டது. புள்ளி மட்டும் பிள்ளைக்கு! 1990களின் இறுதியில் வந்த சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புகளிலே செய்துபார்த்துக் கற்பதற்கு இடம் தந்ததென்னவோ உண்மை. ஆனால் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்க, வகுப்பில் முதலிற் பறிபோகும் நேரம் சித்திர நேரம்தான். பரீட்சைத்தாளில் இல்லாததற்கு யார் நேரம் கொடுப்பார்கள்?

இன்னும் ஒரு விடயம் சொல்ல வேண்டும். பிரீடில் டிக்கர்-பிராண்டைஸ் என்ற யூத ஓவியை, 1942இல் நாசிகளால் தெரெசின் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் பிள்ளைகளுக்கு இரகசியமாகச் சித்திரம் கற்பித்தார். கிடைத்த தாள் எதுவானாலும் அதில் கீற வைத்தார். கீறியதன் கீழே பிள்ளை தன் பெயரை எழுத வேண்டும் என்று வற்புறுத்தினார். முகாமில் அவர்கள் வெறும் இலக்கங்கள். 1944 ஒக்டோபரில் அவர் அவுஸ்விற்ஸில் கொல்லப்பட்டார். மாணவர்களிற் பெரும்பாலோருக்கும் அதே கதிதான். இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைத்த ஏறத்தாழ 4,500 படங்கள் மிஞ்சின. பல பிள்ளைகள் இருந்தார்கள் என்பதற்கு இன்று அந்தப் பெயர்களே சாட்சி.

நமது நாட்டிலும் போர்க்காலத்தில் இப்படி நினைத்தவர்கள் இருந்தார்கள். 1996இல் மட்டக்களப்பில் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடிய ஓவியர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே மண்ணைப் பிசைந்து, தங்கள் கதைகளைத் தாங்களே கீறினார்கள், நடித்தார்கள். அவர்களை ஒருவரும் "என்ன நடந்தது, சொல்லு" என்று நெருக்கவில்லை. அப்படி நெருக்கினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். கையில் நிறத்தைக் கொடுத்துவிட்டுப் பொறுத்திருந்தால் தானாகவே சொல்லும். நமது தீவுப் பிள்ளைகள் போரைக் கண்டவர்களல்லர். ஆனால் போர் விட்டுப்போன வீடுகளின் நடுவே வளர்கிறார்கள். அந்த ஆலமரம் அவர்கள் தாளில் வருவதற்கு இடம் இருக்க வேண்டும்.

அன்று பதினொரு படங்களையும் ஆசிரியை சுவரில் ஒட்டினார். பெரியவர்களின் கண்மட்டத்தில் ஒட்டவில்லை. பிள்ளைகளின் கண்மட்டத்தில், எங்களுக்கு முழங்கால் மடித்தாற்றான் தெரியும் உயரத்தில். ஒவ்வொன்றின் கீழும் பெயர். புள்ளி போடவில்லை. கிணற்றுப் பையனின் அம்மம்மா அவனைக் கூட்டிக்கொண்டு போக வந்தவர், குந்தியிருந்து அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "துலாவை விட்டுட்டியேடா" என்றார். அந்தக் கிணற்றில் துலா இல்லாமற்போய் எத்தனையோ வருடமாம். அது எங்கே நின்றது, எவ்வளவு உயரம் என்று பேரன் கேட்கத் தொடங்கினான். அவர் நிலத்தில் விரலாற் கீறிக் காட்டினார்.