இருட்டுப் புள்ளியில உயிர் இருக்கா?

எனக்கு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா, பரம்பரையா வர்ற விழித்திரை நோய். தியேட்டர்ல லைட் அணைஞ்சா படி தெரியாது. தம்பி கையைப் பிடிச்சுக்குவேன். ஆனா செக்கப்புல போர்டோட கடைசி வரி வரைக்கும் படிச்சிடுவேன். "அப்படியேதான் இருக்கு, அடுத்த வருஷம் வாங்க"ன்னு அனுப்பிடுவாங்க. உள்ளே என்ன நடக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பதில் வானியல்ல இருந்து வந்திருக்கு. நட்சத்திரம் மினுக்குறதுக்குக் காரணம் நம்ம காற்றுமண்டலம். அந்தக் கலங்கலைச் சரிசெய்ய, தொலைநோக்கிக்குள்ள ஒளியை உடனுக்குடன் திருத்தலாம்னு 1953-ல ஹோரஸ் பாப்காக் யோசனை சொன்னார். இதுக்குப் பேரு அடாப்டிவ் ஆப்டிக்ஸ். இப்போ வடிவம் மாறுற கண்ணாடியை வெச்சு அதைச் செய்றாங்க.

நம்ம கருவிழியும் லென்ஸும்கூட ஒளியைக் கலங்கடிக்கும். 1990-களோட கடைசியில, அமெரிக்காவுல ராசெஸ்டர் பல்கலைக்கழகத்துல டேவிட் வில்லியம்ஸ் குழு இதே உத்தியைக் கண்ணுக்குக் கொண்டுவந்தாங்க. உயிரோட இருக்கிற மனுஷனோட கூம்பு செல்களைத் தனித்தனியா படம் பிடிச்சாங்க. விழித்திரையோட நடுவுல ஒரு கூம்பு செல் சில மைக்ரான்தான். தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன்.

இந்தப் படங்கள் ஒண்ணு காட்டுச்சு: கூம்பு செல்கள் கணிசமா குறைஞ்ச பிறகும் போர்டுல எழுத்து தெளிவாத் தெரியலாம். அதாவது, "அப்படியேதான் இருக்கு"ங்கிறது முழு உண்மை இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கு. படத்துல ஆரோக்கியமான செல் வெளிச்சப் புள்ளியாத் தெரியும். இருட்டா இருந்தா செல் போயிடுச்சோன்னு தோணும். அப்புறம், சிதறுற ஒளியைப் பிடிச்சுப் படமாக்குற முறை வந்துச்சு. இருட்டுன்னு நெனச்ச சில இடங்கள்ல, செல்லோட ஒரு பகுதி இன்னும் மிச்சமிருக்கு!

இது ஏன் முக்கியம்னா, மரபணு சிகிச்சை செத்த செல்லை எழுப்பாது. 2017-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச லக்ஸ்டர்னா, ஆர்பிஇ65 மரபணுக் கோளாறுக்கு மட்டும்தான். அதுக்கும் விழித்திரையில உயிருள்ள செல் மிச்சம் இருக்கணும். எங்கே மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் யாருக்கு, எப்போ சிகிச்சைன்னு முடிவெடுக்க முடியும்.

இந்தக் கேமரா பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடங்கள்லதான் இருக்கு. ஒரு படத்துல விழித்திரையோட சின்னத் துண்டுதான் விழும். அதனால நான் முதல்ல பண்ணப்போறது மரபணு டெஸ்ட். எந்த மரபணுன்னு தெரியாம அடுத்த கதவு திறக்காது.

"தம்பிக்கும் எடுக்கணுமா?"ன்னு அம்மா நேத்து கேட்டாங்க. அவன் இன்னும் இருட்டுல என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறவன். என்னால உடனே பதில் சொல்ல முடியலை. அடுத்த எபிசோடுல அவனையே பேச வைக்கிறேன்.