கேனுலாவின் கடைசி அரை அங்குலம்

கீழ்புத்துப்பட்டுல இருந்து பேசறேன். ஈ.சி.ஆர்ல பைக் ஓட்டினவங்க இந்த ஊரைப் பேர் தெரியாமலே கடந்து போயிருப்பீங்க. புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் ஒரு அய்யனார் கோயில், அதைச் சுத்தி பழைய காடு. அதான் ஊர். இன்னிக்கு எபிசோடு ஊரைப் பத்தி இல்லை, ஒரு குழாயைப் பத்தி.

2016 டிசம்பர்ல ஜெயலலிதா அப்பல்லோவில் இருந்தப்போ ‘எக்மோ’ங்கிற வார்த்தை முதல் தடவையா நம்ம டீக்கடை வரைக்கும் வந்தது. 2020ல எஸ்.பி.பி. சாருக்காக ஊரே வேண்டிக்கிட்டு இருந்தப்போ மறுபடியும் வந்தது. எல்லாரும் மெஷினைப் பத்தியே பேசினோம். ஆனா மெஷின் வெளியில நிக்குது, ரத்தம் உள்ள ஓடுது. ரெண்டையும் சேர்க்கிற, உடம்புக்குள்ள நுழையற குழாய்க்குப் பேர்தான் கேனுலா. எக்மோ மாதிரியேதான் ஓபன் ஹார்ட் ஆபரேஷனும். அங்கேயும் மெஷின் உண்டு, கேனுலா உண்டு.

கேனுலா உங்களுக்குப் புதுசு இல்லை. ட்ரிப்ஸ் ஏத்தும்போது கையில குத்தி பிளாஸ்திரி ஒட்டுவாங்களே, நர்ஸுங்க ‘வென்ஃப்ளான்’னு சொல்லுவாங்க, அது ஒரு குட்டி கேனுலா. விட்டம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். இதய ஆபரேஷன்ல பயன்படுத்தறது அதோட பெரியப்பா.

முதல்ல எதுக்கு இதுன்னு பார்த்துடுவோம். இதயத்தைத் திறந்து தைக்கணும்னா அதை நிறுத்தணும். நிறுத்தினா சில நிமிஷத்துல மூளை போயிடும். அதனால கெட்ட ரத்தத்தை வெளியில எடுத்து, ஆக்சிஜன் ஏத்தி, திருப்பி உள்ளே அனுப்பணும். அமெரிக்காவில் ஜான் கிப்பன் 1953 மே 6 அன்னிக்கு இதை ஒரு மெஷினை வைச்சு வெற்றியா செய்து காட்டினார். நம்ம பக்கத்துல 1960களின் தொடக்கத்திலேயே வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் கோபிநாத் ஓபன் ஹார்ட் ஆபரேஷன் பண்ணினார்.

உள்ளே அனுப்பற குழாயை அயோர்ட்டாவுல, அதாவது இதயத்துல இருந்து கிளம்பற பெரிய தமனியில சொருகணும். அது எப்படின்னு கேட்டா ஆச்சரியப்படுவீங்க. நம்ம பாட்டி இடுப்புல செருகி வைக்கிற சுருக்குப்பை தெரியும்ல? அயோர்ட்டாவின் சுவர்ல ஒரு வட்டம் மாதிரி நூல் போட்டு, பெரும்பாலும் அதுக்கு வெளியில இன்னொரு வட்டமும் போட்டு, நடுவில ஒரு சின்ன வெட்டு. கேனுலா நுழைஞ்சதும் நூலை இழுத்து இறுக்கிடுவாங்க. வேலை முடிஞ்சு உருவினதும் அதே நூலை இழுத்து முடிச்சுப் போட்டா ஓட்டை மூடிக்கும். மெஷின் எவ்வளவு மாறியும் இந்தச் சுருக்குப்பை மாறலை.

பிரச்சினை எங்க ஆரம்பிக்குதுன்னா, அந்த வெட்டு சின்னதா இருக்கணும். ஆனா ரத்தம் நிறைய போகணும். ஒரு பெரிய ஆளுக்கு நிமிஷத்துக்கு 5 லிட்டர்னு வைச்சுக்குவோம். கேனுலா அளவை ‘பிரெஞ்ச்’ கணக்குல சொல்லுவாங்க. 3 பிரெஞ்ச்னா 1 மில்லிமீட்டர் வெளிவிட்டம். 20 பிரெஞ்ச்னா 6.7 மில்லிமீட்டர். குழாய்ச் சுவரோட தடிமன் போக உள்விட்டம் 5 மில்லிமீட்டர்னு எடுத்துக்கிட்டு கணக்குப் போட்டேன். ரத்தம் நுனியில இருந்து நொடிக்கு 4 மீட்டருக்கு மேல பாயுது. மணிக்கு 15 கிலோமீட்டர், நல்லா மிதிக்கிற சைக்கிள் வேகம். அதே 5 லிட்டர் 3 சென்டிமீட்டர் அகலமான அயோர்ட்டாவில் பரவி ஓடினா சராசரி வேகம் நொடிக்கு 12 சென்டிமீட்டர்தான். நிதானமா போற ஆத்துக்குள்ள ஃபயர் சர்வீஸ் ஓஸை விட்ட மாதிரி.

நான் மெக்கானிக்கல் படிச்சுட்டு கோட் எழுதறவன். தமிழ்நாட்டுல இது தனி டிகிரி மாதிரி. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்சது இந்த ஒரு இடத்துலதான் எனக்குக் கண் முன்னால வருது. உள்விட்டத்தை வெறும் 20 சதவீதம் குறைச்சா வேகம் ஒன்றரை மடங்குக்கு மேல ஏறும். நுனியில ஆகற அழுத்த இழப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆகும். ஒரு மில்லிமீட்டருக்கு இவ்வளவு விலை.

அந்தப் பாய்ச்சல் என்ன பண்ணும்? ஒண்ணு, ரத்தச் சிவப்பணுவை உரசி உடைக்கும். உடைஞ்சதுல இருந்து வெளிவர்ற ஹீமோகுளோபின் கிட்னியை பாதிக்கும், சிறுநீர் சிவப்பா போகும். இன்னொண்ணு இதைவிட மோசம். வயசானவங்க அயோர்ட்டாவின் உட்சுவர்ல கொழுப்பும் சுண்ணாம்பும் படிஞ்சிருக்கும். பாய்ச்சல் நேரா அதுல அடிச்சா பெயர்ந்து வரும். சர்ஜன்கள் இதை மணலைப் பீய்ச்சித் துரு எடுக்கிற ‘சாண்ட்பிளாஸ்டிங்’கோட ஒப்பிடுவாங்க. பெயர்ந்த துணுக்கு நேரா மூளைக்குப் போச்சுன்னா ஸ்ட்ரோக். ஆபரேஷன் சக்சஸ், ஆனா பேஷண்ட் கண் முழிக்கும்போது ஒரு கை வரலைன்னா, அந்தக் காரணங்கள்ல இதுவும் ஒண்ணு. மூணாவது, சுவரின் அடுக்குகளுக்கு நடுவில ரத்தம் புகுந்து சுவரே பிளந்துடறது. அரிதுதான். நடந்தா உயிர் போற விஷயம்.

இதுக்குத் தீர்வு என்னன்னு படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்தது. மரக்காணம் பக்கம் உப்பளத்துக்கு மோட்டார் வைச்சுத் தண்ணி ஏத்தறதைப் பார்த்திருக்கீங்களா? மிதிச்சு மிதிச்சு இறுக்கின களிமண் தரை அது. ஓஸ்ல இருந்து தண்ணி நேரா விழுந்தா குழி பறிச்சு எல்லாத்தையும் கலக்கிடும், உப்பு அழுக்காயிடும். அதனால தண்ணி விழற இடத்துல ஒரு கல்லோ, சாக்கோ, தென்னமட்டையோ போடுவாங்க. வேகம் அங்கேயே செத்துடும், தண்ணி பரவி ஓடும். நெல்லு வயல்லயும் இதே கதைதான். பல நாட்டு இன்ஜினியர்களும் கேனுலா நுனியில கிட்டத்தட்ட இதைத்தான் பண்ணியிருக்காங்க. நுனியை மூடிட்டு பக்கவாட்டுல துளை போட்டாங்க. இல்லைன்னா உள்ளே ஒரு கூம்பு வைச்சு ரத்தத்தைச் சிதற விட்டாங்க. சிலர் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமா விரிய வைச்சாங்க.

ஆனா உடம்பு உப்பளம் இல்லை. சாக்கு போட்டா அது கரையாது, உறையாதுன்னு நம்பலாம். ரத்தத்துல எதை வைச்சாலும் அது ஒரு புதுப் பரப்பு. கூம்புக்குப் பின்னால ரத்தம் தேங்கினா அங்க உறைகட்டி உருவாக வழி இருக்கு. பக்கத் துளையோட விளிம்பு கூர்மையா இருந்தா நடுவில் குறைச்ச உரசல் அந்த விளிம்புல வந்து உட்காரும். நுனியை விரிச்சா வெட்டும் பெருசாகும். இதனாலதான் எனக்கு இந்தத் துறை மேல மரியாதை. சாஃப்ட்வேர்ல ஒரு பக் ஃபிக்ஸ் பண்ணினா இன்னொண்ணு வரும்னு நாம ஜோக் அடிப்போம். இங்க அந்த இன்னொண்ணு ஒரு ஆளோட இடது கை.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பாதுகாப்பு அம்சம் எதுன்னு கேட்டா, கூம்பு கூட இல்லை. ஒரு கோடு. பல கேனுலாக்களோட நுனி வளைஞ்சிருக்கும். அயோர்ட்டாவுக்குள்ள போனதும் நுனி எந்தப் பக்கம் பார்க்குதுன்னு சர்ஜனுக்குத் தெரியாது. தப்பான பக்கம் திரும்பினா மூளைக்குப் போற ஒரு கிளைக்குள்ளயே மொத்தமும் பாயும். மூளையின் ஒரு பாதி வீங்கும், மத்த இடம் காயும். அதனால வெளியில இருக்கிற குழாய் மேல நுனி பார்க்கிற திசைக்கு ஒரு கோடு போட்டு வைச்சிருக்காங்க. அதோட, ரொம்ப ஆழமா போகாம தடுக்க நுனிக்குக் கொஞ்சம் பின்னால ஒரு வளையம். மடங்கி அடைச்சுக்காம இருக்க சுவருக்குள்ள ஸ்பிரிங் மாதிரி சுத்தின கம்பி. அந்தக் கம்பி இருக்கறதால சுவரை மெல்லிசா பண்ண முடியுது, வெளிவிட்டம் மாறாம உள்விட்டம் கூடுது. யுஐ டிசைன் பண்றவங்க இந்தக் கோட்டை பிரிண்ட் எடுத்துச் சுவர்ல ஒட்டிக்கலாம்.

இப்போ நம்ம ஆளுங்களுக்கு வர்றேன். எங்க பக்கம் உப்பளக் கூலிக்குப் போற ஒரு அக்கா, நாப்பது கிலோ இருந்தா அதிகம். வால்வு ஆபரேஷன் பண்ணிட்டு வந்தாங்க. இந்தியாவுல இன்னும் நிறைய பேருக்கு வால்வு கெடறது ருமாட்டிக் காய்ச்சலால. சின்ன வயசுல வர்ற தொண்டைப் புண்ணை யாரும் கவனிக்காம விட்டதுல ஆரம்பிக்கும், இருபது முப்பது வயசுல மூச்சு வாங்கும். நெரிசலான வீட்டுல, வசதி இல்லாதவங்களைத் தேடி வர்ற நோய் இது. அந்த அக்கா மாதிரி உடம்புக்கு மெஷின் நிமிஷத்துக்கு 3 லிட்டர் சுத்தினா போதும், அயோர்ட்டாவும் சின்னது. பிறந்த குழந்தைன்னா இன்னும் மோசம். 3 கிலோ குழந்தைக்கு 8 பிரெஞ்ச் அளவு கேனுலா, 3 மில்லிமீட்டர் கூட இல்லை. சின்ன உடம்புல பிழைக்கு இடம் கிடையாது. நல்ல நுனி யாருக்கு அதிகம் தேவையோ அவங்க இருக்கிறது அரசு இன்ஷூரன்ஸ் பேக்கேஜ் தொகைக்குள்ள. அந்தத் தொகைக்குள்ள குழாய், வால்வு, ஐ.சி.யூ. எல்லாம் அடங்கணும். ஒரு தடவைதான் பயன்படுத்தணும்னு அச்சடிச்ச சாமான் கழுவித் திரும்ப வர்ற பழக்கமும் இந்த நாட்டுல உண்டு. கோட்டோட மை அழிஞ்சா என்ன ஆகும்னு டிசைன் பண்றவன் யோசிச்சுத்தான் ஆகணும்.

நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்குமான்னு கேட்கறவங்களுக்கு ஒரு கதை. திருவனந்தபுரத்துல ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிடியூட்ல டாக்டர் வலியத்தான்னு ஒரு சர்ஜன். இறக்குமதி வால்வு நம்ம ஜனங்களுக்குக் கட்டுப்படியாகாதுன்னு 1970களின் கடைசியில இன்ஜினியர்களைச் சேர்த்துக்கிட்டு சொந்தமா வால்வு செய்ய ஆரம்பிச்சார். முதல் மூணு மாடலையும் கைவிட வேண்டியதா போச்சு. ஒரு கட்டத்துல செயற்கை நீலக்கல்லுல கூட வட்டு செஞ்சு பார்த்தாங்க. கடைசியில ஹெய்ன்ஸ் 25ங்கிற கோபால்ட் கலவை உலோகத்துல சட்டம், உள்ளே ஒரு வகை பாலிஎத்திலீன் வட்டு. 1990 டிசம்பர்ல முதல் மனுஷ இதயத்துல வைச்சாங்க. சென்னை கம்பெனியான டி.டி.கே. அதைத் தயாரிச்சது, இப்போ ஒரு லட்சத்துக்கு மேல போயிடுச்சு. நாலாவது மாடல், பத்து வருஷத்துக்கு மேல. ஸ்டார்ட்அப் பிட்ச் டெக்குல இந்தக் காலக்கணக்கை நான் பார்த்ததே இல்லை. வலியத்தான் தனியா உட்கார்ந்து யோசிக்கலை. சர்ஜனும் இன்ஜினியரும் ஒரே இன்ஸ்டிடியூட்டுக்குள்ள சேர்ந்து வேலை செஞ்சாங்க. சென்னையிலயும் புதுச்சேரியிலயும் ஆஸ்பத்திரிக்கும் இன்ஜினியரிங் காலேஜுக்கும் நடுவில பஸ்ல அரை மணி நேரம்தான். அந்த அரை மணி நேரத்தை யாரும் கடக்கறதில்லைங்கிறதுதான் என் வருத்தம்.

மதுரையில இருந்து ஒரு மூணாவது வருஷ தம்பி மெயில் போட்டிருந்தான்: “அண்ணா, எங்க லேப்ல சிமுலேஷன் சாஃப்ட்வேர் இருக்கு, அதுல கேனுலா டிசைன் பண்ணி நிரூபிச்சுடலாமா?” தம்பி, ஆரம்பிக்கலாம், நிரூபிக்க முடியாது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதையே சோதிச்சுப் பார்த்தாங்க. 12 மில்லிமீட்டர் குழாய் 4 மில்லிமீட்டருக்குக் குறுகி மறுபடி விரியற ஒரு எளிமையான வடிவம், கேனுலா நுனியோட சித்தப்பா மகன் மாதிரி. 28 குழுக்கள் கம்ப்யூட்டர்ல அதே வடிவத்தை ஓட்டி விடை அனுப்பினாங்க. வேற லேப்கள் நிஜத் திரவத்தை ஓட்டி, லேசர் அடிச்சு வேகத்தை அளந்தாங்க. விடைகள் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகலை. குறிப்பா, சீரான ஓட்டம் கலங்கல் ஓட்டமா மாறற இடத்துல, பாய்ச்சல் எங்க உடையும்னு பலராலயும் சரியா சொல்ல முடியலை. கேனுலா வாழறதே அந்தக் கலங்கல் பக்கத்துலதான்.

அந்த வடிவமும் அளவீடுகளும் பொதுவில் கிடைக்குது. முதல்ல உன் சாஃப்ட்வேர்ல அதை ஓட்டி, நிஜ அளவோட எவ்வளவு தள்ளி நிக்கறேன்னு பாரு. ஓப்பன்ஃபோம் இலவசம். அப்புறம் லேப்ல தண்ணியில ஏறக்குறைய 40 சதவீதம் கிளிசரின் கலந்தா ரத்தத்தோட பிசுபிசுப்பு வந்துடும். ஒரு பம்ப்செட், ஒளி ஊடுருவற குழாய், ஒரு சிட்டிகை கலர் பொடி. நுனியை 3டி பிரிண்ட் எடுத்து ஓட விடு. பாய்ச்சல் எங்க அடிக்குதுன்னு கண்ணால தெரியும். அதைப் போனில் ஸ்லோமோஷன்ல எடுத்துக்கிட்டு பக்கத்து மெடிக்கல் காலேஜ்ல பெர்ஃப்யூஷனிஸ்ட் யாருன்னு கேட்டுப் போய் நில்லு. ஹார்ட்-லங் மெஷினை ஓட்டறவங்க அவங்கதான். சர்ஜனைவிட அவங்களுக்கு நேரம் கிடைக்கும், குழாய் எங்க மடங்குது, எந்தக் கனெக்டர் வழுக்குதுன்னு அவங்க விரலுக்குத் தெரியும்.

போறதுக்கு முன்னாடி அனுமதி வாங்கிட்டுப் போ. வீடியோவை எனக்கும் அனுப்பு, அடுத்த எபிசோடுல பேசலாம்.